பையை எங்கே இறக்கி வைப்பது?

கோட்டைப்பட்டினம் இறங்குதளத்தில் விடியும் நேரம். இரவைக் கடலில் கழித்த விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை சேர்கின்றன. நண்டு தனி, இறால் தனி, கழிசல் மீன் தனி என்று பிரித்துக் கொட்டுவதற்குள் ஏலக் குரல் எழும்பிவிடுகிறது. ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் கலந்து தரையெங்கும் ஓடுகின்றன. படம் எடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்ப்பது அரிது. ஆனால் வெளியூரிலிருந்து வரும் ஒளிப்படக்காரருக்கு அங்கே முதலில் எழும் சிக்கல் வெளிச்சமும் அல்ல, கோணமும் அல்ல. லென்ஸை மாற்ற வேண்டும். முதுகில் இருக்கும் பையை எங்கே இறக்கி வைப்பது?

கேமராப் பை வாங்குவோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி வேறு. எத்தனை லிட்டர், எத்தனை லென்ஸ் கொள்ளும், லேப்டாப்புக்கு இடம் உண்டா என்றுதான் கடையில் பேச்சு தொடங்குகிறது. பை எவ்வளவு கொள்ளும் என்பது வாங்கும் நாளில் மட்டும் எழும் கேள்வி. எங்கே இறக்குவது என்பதோ நடக்கும் ஒவ்வொரு நாளும், அதுவும் ஒரு நாளில் முப்பது நாற்பது முறை எழும். இந்தக் கரையில் நடந்து படம் எடுப்பவர்களுக்கு அது இன்னும் கூர்மையான கேள்வி.

காரணம் நிலத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நீளும் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை பாக் விரிகுடாவின் ஓரம். எதிரே இலங்கை நிற்பதால் பேரலை இல்லை. கடலும் ஆழமற்றது, பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டுவதில்லை. அலை அடித்துக் கழுவாத கரையில் சேறு படிகிறது. அந்தச் சேற்றையும் கடற்புல் படுகைகளையும் நம்பித்தான் பறவைகளும் ஆவுளியா என்னும் கடற்பசுவும் இங்கே வாழ்கின்றன. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவித்ததும் அதனால்தான். பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் வருகிறவர் கணுக்கால் புதையும் உவர்ச்சேற்றில் நிற்கிறார். சென்னை மெரினாவில் மணலில் பையைக் கிடத்துவதுபோல இங்கே கிடத்த முடியாது.

இறக்கி வைக்கும் சிக்கலைத் தமிழர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள். பழைய சாலையோரங்களில் இன்றும் சுமைதாங்கிக் கற்களைப் பார்க்கலாம். செங்குத்தாக இரண்டு கல், அவற்றின் மேல் படுக்கையாக ஒரு கல். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள். தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கவும், மறுபடி தானே ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம் அதற்கு உண்டு. தரையில் இறக்கிய சுமையைத் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும் என்பது சுமந்தவர்களுக்குத் தெரியும். நல்ல கேமராப் பை என்பது சுமைதாங்கிக் கல்லையும் கூடவே தூக்கிக்கொண்டு நடப்பது போன்றது.

ஒளிப்படக் கலையின் வரலாற்றில் பாதி, சுமையைக் குறைத்த வரலாறுதான். சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1857 டிசம்பரில் தொடங்கித் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். புதுக்கோட்டைக் காட்சிகளை மட்டும் தனித் தொகுப்பாகவே 1858இல் வெளியிட்டார். அவருடைய பெட்டிக் கேமராவும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களும் மருந்துகளும் மாட்டுவண்டிகளில் வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 6 மீட்டர் நீளத்துக்கு அவர் ஒட்டிச் சேர்த்ததை நினைத்தால், அந்த வண்டிகள் சுமந்தவை எவ்வளவு இருந்திருக்கும் என்பது விளங்கும்.

அந்தச் சுமையை மனிதன் நடந்தே தூக்கும் அளவுக்குச் சுருக்கியவர் ஜெர்மனியின் ஆஸ்கர் பார்னாக். ஆஸ்துமாக்காரர். நடைப்பயணத்தில் விருப்பம், படம் எடுப்பதிலும் விருப்பம். ஆனால் கண்ணாடித் தகடுகள் போடும் கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடேற மூச்சு இடம் தரவில்லை. திரைப்படச் சுருளில் படம் எடுக்கும் சிறு கேமராவை முதல் உலகப் போருக்குச் சற்று முன் அவர் செய்து பார்த்தார். 1925இல் அது லைக்கா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அந்தச் சிறு கேமராவின் பிறப்புக்கே ஒரு நடைக்காரரின் மூச்சிரைப்பு காரணம் என்பதைப் பை வாங்கும்போது மறக்கக் கூடாது.

சென்னையில் வாழ்ந்த இயற்கையியலர் மா. கிருஷ்ணன் (1912–1996) எதிர்த் திசையில் போனவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஒரு கேமராவின் உடலையும் வேறொன்றின் லென்ஸையும் தாமே பொருத்திக் கட்டிய கனமான கருவிக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டுக் காடுகளில் கொண்டு நடந்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. கனம் தன்னளவில் குற்றம் இல்லை என்பதற்கு அவரே சாட்சி. எதற்காகச் சுமக்கிறோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

கேமரா சுருங்கிய பிறகுதான் அதற்கென்று பை வந்தது. அந்தக் கதையில் கோட்டைப்பட்டினத்துக்காரர்கள் உரிமை கொண்டாடலாம். ஏனென்றால் உலகின் பெயர் பெற்ற கேமராப் பைகளில் ஒன்று மீன்பிடிப் பையாகப் பிறந்தது. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் நிறுவனம் 1973இல் தொடங்கியபோது தூண்டில்காரர்களுக்கே பை தைத்தது. சில ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் தங்கள் பைகளை வாங்குவோரில் பலர் ஒளிப்படக்காரர்கள் என்று தெரியவந்தது; தொழில் திசை மாறியது. ஈரத்தில் கிடக்கவும், ஒரு கையால் திறக்கவும், மழையில் நனையவும் தைத்த பை இரண்டு தொழிலுக்கும் பொருந்தியதில் வியப்பில்லை. ஏறக்குறைய அதே காலத்தில், 1975இல், பிலடெல்பியா இன்குவயரர் நாளிதழின் ஒளிப்படக்காரர் ஜிம் டோம்கி தமக்காக ஒரு கான்வாஸ் தோள்பையை வடிவமைத்தார். அது பத்திரிகைக்காரர்களின் அடையாளமாகவே ஆனது.

இரண்டுமே ஒரு தோளில் தொங்குபவை. ஏலக் கூட்டத்தில் அரை மணி நேரம் நிற்க அவற்றைவிட வசதியானது இல்லை. பை இடுப்பருகே, வாய் மேலே, கை உள்ளே. தரையைத் தொடவே வேண்டாம். ஆனால் மணமேல்குடியிலிருந்து கரையோரமாக ஐந்தாறு கிலோமீட்டர் நடந்தால் கதை மாறுகிறது. ஒரு தோள் மட்டும் இழுபட, மறுபக்கம் முதுகெலும்பு வளைந்து ஈடுகட்டுகிறது. இரண்டாவது கிலோமீட்டரில் கழுத்து கல்லாகிவிடும். சுமையை இரு தோளுக்கும் பிரித்து, அதில் பெரும்பங்கை இடுப்புக்கு இறக்கினால்தான் நெடுநடை சாத்தியம்.

இடுப்புக்கு இறக்குவது என்ற எண்ணம் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டிக் கெல்டியால் பரவியது. மலைநடையில் பைச் சட்டத்தின் கீழ்முனைகளைத் தம் கால்சட்டையின் பின்பைகளில் செருகிப் பார்த்தவருக்குத் தோளின் பாரம் சட்டெனக் குறைந்தது தெரிந்தது. இடுப்பு வார் அங்கிருந்து வந்தது. 1967இல் மலையேற்றக்காரர் கிரெக் லோவ் சட்டத்தைத் துணிக்குள் மறைத்துத் தைத்தார்; லோப்ரோ கேமராப் பைகளின் வேர் அந்தப் பட்டறைதான். இன்று பல மலிவுப் பைகளில் இடுப்பு வார் என்று தொங்குவது வெறும் நாடா. பை ஆடாமல் பிடிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. சுமை தாங்கும் வார் பஞ்சு வைத்து அகலமாக இருக்கும். தொப்புளைச் சுற்றி அல்ல, இடுப்பெலும்பின் மேல் உட்காரும்.

தோளும் இடுப்பும்தான் வழி என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1986இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வொன்று, கென்யாவின் லுவோ இனப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்து நடந்தாலும் கூடுதல் சக்தி செலவிடுவதில்லை என்று காட்டியது. மீன்கூடையைச் சும்மாட்டில் வைத்து ஊருக்குள் நடக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய செய்தியாகப் படாது. சுமை உடலின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும் என்பதே அதன் பாடம். முதுகுப்பையிலும் அதுதான் விதி. கனமான லென்ஸ் முதுகை ஒட்டி, நடுமுதுகு உயரத்தில் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் அதே இரண்டு கிலோ பின்னால் இழுக்கும். நடப்பவர் முன்னால் குனிவார்.

எவ்வளவு எடை தாங்கலாம்? இந்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, பிள்ளைகளின் பை அவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. வளர்ந்தவர்களின் பகல் நடைக்கும் அந்தக் கணக்கு நல்ல அளவுகோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 கிலோ. இப்போது கூட்டிப் பார்க்கலாம். நிக்கான் டி850 பேட்டரியோடு ஒரு கிலோ, 200-500 லென்ஸ் 2.3 கிலோ, முக்காலி ஒன்றரை கிலோ, தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. பை இல்லாமலே கிட்டத்தட்ட ஆறு கிலோ ஆகிவிட்டது. லோப்ரோ புரோடாக்டிக் 450 போன்ற உறுதியான பை தானே சுமார் 2.7 கிலோ. பாதுகாப்புக்காக வாங்கிய பை, முக்காலியையும் தண்ணீரையும் சேர்த்த எடையைத் தாண்டுகிறது.

மறுபக்கம், கேனான் ஆர்7 கேமராவும் ஆர்எஃப் 100-400 லென்ஸும் சேர்ந்தே 1.25 கிலோதான். எடை குறைந்த கேமரா வாங்கிவிட்டுப் பழைய பெரிய பையைத் தொடர்வது வீண். காலியிடம் காலியாக இருப்பதில்லை. இன்னொரு லென்ஸ், இன்னொரு சார்ஜர் என்று நிரம்பிவிடும். கோட்டைப்பட்டினம் போன்ற கரைக்குச் சுமார் 20 லிட்டர் போதும்.

இனிப் பையின் வாய். இங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். விற்பனைக்காரர்கள் கண்டுகொள்ளாத இடமும் இதுதான். வழக்கமான கேமரா முதுகுப்பை முன்பக்கம் முழுதாகத் திறக்கும். திறக்க வேண்டுமானால் முதுகைத் தொடும் பக்கம் கீழே இருக்கும்படி தரையில் கிடத்த வேண்டும். உவர்ச்சேற்றிலோ மீன் தண்ணீரிலோ கிடத்திய பையை மறுபடி மாட்டினால் சட்டை முழுதும் அதே சேறு. முதுகுப்பக்கமாகத் திறக்கும் பைகள் இதை நேராக்கின. லோப்ரோவின் ஃபிளிப்சைடு வகையில் தோள்வாரைக் கழற்றி, இடுப்பு வாரை விடாமல், பையை வயிற்றுப் பக்கம் சுழற்றினால் அதுவே மேசை. தரை தேவையில்லை. திருட்டுக்கும் அது தடை. நெரிசலான பேருந்தில் பின்னால் நிற்பவர் ஜிப்பைத் தொடவே முடியாது.

பீக் டிசைன் 2016இல் கொண்டுவந்த எவ்ரிடே முதுகுப்பை இரு பக்கவாட்டிலும் திறந்தது. ஒரு தோள்வாரைக் கழற்றிப் பையை முன்னால் இழுத்தால் கேமரா கைக்கு வரும். மைண்ட்ஷிஃப்ட் நிறுவனம் பையின் கீழ்ப்பாதியை இடுப்புப் பையாக்கி, பையைக் கழற்றாமலே முன்னால் சுழன்று வரும்படி செய்தது. சேற்றுக் கரைக்கென்றே யோசித்ததுபோல இருக்கும் அமைப்பு இது. விலைதான் எட்டாதது.

ஆனால் இதே மாவட்டத்தில் மேற்கே போனால் தீர்ப்பை மாற்ற வேண்டியிருக்கிறது. சித்தன்னவாசலில் சமணப் படுக்கைகளுக்குப் போகும் ஏழடிப்பட்டத்தில் பாறை விளிம்பில், கம்பியைப் பிடித்துக்கொண்டு காலடி வைக்க வேண்டும். பக்கவாட்டில் சாயும் தோள்பை அங்கே ஆபத்து. குனியும் கணத்தில் முன்னால் சரிந்து வந்து நிலை தடுமாற வைக்கும். நார்த்தாமலையில் விஜயாலய சோழீஸ்வரம் ஏறும்போதும் பை முதுகோடு ஒட்டியே இருக்க வேண்டும், மார்பு வாரும் மாட்டியிருக்க வேண்டும். அங்கே இறக்கி வைக்கப் பாறை தாராளமாக இருக்கிறது. பிற்பகலில் அது சுடும் என்பது மட்டுமே குறை. கரைக்கு ஒரு பை, குன்றுக்கு ஒரு பை என்று வாங்க முடியாதவர், முதுகுப்பக்கம் திறக்கும், இடுப்பு வாருள்ள பையையே எடுப்பது நல்லது. இரண்டு இடத்திலும் அது கைவிடாது.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துணியின் தடிமனை டெனியர் என்ற கணக்கில் அச்சிட்டிருப்பார்கள்; 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது அதன் பொருள். எண் கூடினால் நூல் தடிமன் கூடும். ஆனால் கடற்கரையில் பை கிழிந்து சாவது குறைவு. உட்புறம் பூசிய பாலியூரிதேன் பூச்சு ஈரக் காற்றில் மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்து, தோல் உரிவதுபோல உரிகிறது. அல்லது ஜிப் இறுகுகிறது. உலோகப் பல்லுள்ள ஜிப்பை உப்பு அரித்துவிடும். பிளாஸ்டிக் பல், நைலான் சுருள் ஜிப்கள் தாக்குப்பிடிக்கும். வீடு திரும்பியதும் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து ஜிப்பைத் துடைத்து, காய்ந்தபின் மெழுகுவத்தியை மேலே ஒருமுறை தேய்த்தால் போதும். அடிப்பாகம் தார்ப்பாய் போன்ற வழவழப்பான துணியாக இருந்தால் மீன் வாடை ஒரு கழுவலில் போகும். கான்வாஸ் என்றால் ஒரு வாரம் கூடவே வரும்.

அடுத்தது பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் நீண்ட நாள் 60 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை வலை பின்னத் தொடங்கும். இந்தக் கரையில் அது பெரும்பாலான நாட்களின் நிலை. வியர்வையும் கடற்காற்றும் ஊறிய பைக்குள் கேமராவை வைத்து ஜிப்பை இழுத்து மூடி, அடுத்த ஞாயிறு வரை அலமாரியில் வைப்பது பூஞ்சைக்குத் தொட்டில் கட்டுவதற்குச் சமம். பை நடைக்கு, இருப்பிடம் அல்ல. வந்ததும் கருவிகளை வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்ற வேண்டும். பையை நிழலில் வாய் திறந்து காயவிட வேண்டும். ஸ்பாஞ்ச் தடுப்புகள் கழன்று வரும் பைகள் இதற்கு உதவுகின்றன. ஏசி அறையில் தங்கியவர் விடிகாலையில் வெளியே வந்ததும் கேமராவை எடுத்தால் குளிர்ந்த கண்ணாடியில் பனி பூத்துவிடும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டால் மெல்லச் சூடேறும். பஞ்சுத் தடுப்பின் பயன் அதிர்ச்சி தாங்குவது மட்டும் அல்ல.

ஐப்பசி, கார்த்திகையில் மழையுறையை நம்பக் கூடாது. அது பையின் வெளிப்பக்கத்தை மட்டும் மூடும். வாடைக்காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை கழுத்து வழியே இறங்கி, முதுகுக்கும் பைக்கும் நடுவே ஓடி, மூடாத பக்கத்தில் ஊறும். கைப்பேசியைப் பாலித்தீன் உறையில் சுற்றி எடுத்துச் செல்லும் மீனவரின் வழிதான் சரியான வழி. வெளியே தடுப்பதைவிட உள்ளே, பொருளை ஒட்டித் தடுப்பது. வாயைச் சுருட்டிப் பூட்டும் நீர்புகாப் பை ஒன்றைக் கேமராப் பைக்குள்ளேயே மடித்து வைத்தால் மழையுறை வெறும் முதல் வேலியாகும். படகில் ஏறுகிறவர்களுக்கு முதுகுப்பையே வேண்டாம். ஸ்கூபா முக்குளிப்பாளர் ஒருவர் 1976இல் தொடங்கிய பெலிக்கன் நிறுவனத்தின் கெட்டிப் பெட்டி போன்றது அதற்குப் பொருத்தம். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

சிறிய செய்தியாகத் தோன்றினாலும் வெல்க்ரோவின் சத்தத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். சேற்றுப் படுகையில் இரை தேடும் உள்ளான்கள் ‘சர்ர்’ என்ற ஓர் இழுப்பில் மொத்தமாக எழும்பிப் போய்விடும். வெளிவாயில் வெல்க்ரோ இல்லாத பையே பறவைக்காரருக்கு ஏற்றது.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். பல பைகளின் முதுகு நீளமும் தோள்வார் இடைவெளியும் ஆண் உடலுக்கு அளந்தவை. வார் கழுத்தோரம் அறுக்கும். இடுப்பு வார் தொடைக்கு இறங்கிவிடும். முதுகு நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும், மார்பு வாரை மேலும் கீழும் நகர்த்தும் வசதியும் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. கேமராப் பைகளில் இந்த அக்கறை இன்னும் குறைவாகவே இருக்கிறது. மலைநடைப் பை செய்பவர்கள் வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள்.

அதனால்தான் குறைந்த செலவில் தப்பிக்க ஒரு வழியும் இருக்கிறது. நல்ல நடைப் பை ஒன்றை வாங்கி, அதற்குள் ஸ்பாஞ்ச் தடுப்புள்ள கேமராப் பெட்டகத்தைச் செருகுவது. பெட்டகம் கழன்று வரும். பை துவைக்கக் கிடைக்கும். ஊருக்குப் போகும் நாளில் துணிமணிக்கும் ஆகும். எஃப்-ஸ்டாப் நிறுவனம் விலையுயர்ந்த பைகளில் இதே தத்துவத்தைத்தான் விற்கிறது. இன்னொரு நன்மை, அது கேமராப் பைபோலத் தோற்றமளிக்காது. கறுப்பும் சிவப்புமாக நிறுவனப் பெயர் மின்னும் பை இறங்குதளத்தில் எல்லார் பார்வையையும் இழுக்கும். எல்லையை ஒட்டிய கடலாதலால் காவலரின் பார்வையையும். சாதாரணப் பையோடு வந்து, படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுப்பவருக்கு நல்ல முகங்கள் கிடைக்கும். குறை ஒன்று உண்டு. இத்தகைய பைகள் பெரும்பாலும் மேல்வாய் மட்டும் உள்ளவை. லென்ஸை ஆழத்தில் துழாவ வேண்டும். முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ ஜிப் உள்ள நடைப் பையைத் தேடிப் பிடித்தால் அந்தக் குறையும் தீரும்.

திருச்சியிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் கைப்பைக்கு 7 கிலோ என்ற உள்நாட்டு வரம்பையும், உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையிலேயே வர வேண்டும் என்ற விதியையும் நினைவில் வைத்துப் பையின் சொந்த எடையைப் பார்க்கலாம்.

பை வாங்கக் கடைக்குப் போகும் நாளில் வெறுங்கையோடு போக வேண்டாம். கேமரா, லென்ஸ், முக்காலி, நிரப்பிய தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பைக்குள் அடுக்கி, வார்களை இறுக்கி, கடையைச் சுற்றிக் கால்மணி நேரம் நடங்கள். பிறகு நின்ற இடத்திலேயே, பையைத் தரையிலோ மேசையிலோ வைக்காமல், லென்ஸை மாற்றிப் பாருங்கள். மாற்ற முடியவில்லை என்றால் அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.